டிராகன்ஸ் லிஸ்டில் நம்ம ஊர் பையன் எங்கே?



நம்ம சுவர் இதழில் கிரிக்கெட் கட்டுரை வராத மாதமே கிடையாது. இந்த மாதம் ஹாக்கி. கோவில்பட்டியில் படித்துக்கொண்டு ஹாக்கியைப் பற்றி எழுதாவிட்டால், கடலை மிட்டாய்க் கடை வாசலில் நின்று பஞ்சு மிட்டாய் கேட்ட மாதிரி ஆகிவிடும்! எனவே கிரிக்கெட் ரசிகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு முழுசா படிக்கவும். (பாதியில் பெல் அடித்தால் மதியம் வந்து மீதியைப் படிக்கவும்.)

விஷயம் இதுதான். ஹாக்கி இந்தியா லீக்கில் நமக்கென்று ஒரு அணி இருக்கிறது. பெயர் தமிழ்நாடு டிராகன்ஸ். ஒவ்வொரு சீசனுக்கும் முன்னாடி யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, யாரைப் புதுசாக எடுப்பது என்று அணி நிர்வாகம் உட்கார்ந்து லிஸ்ட் போடும். அடுத்த சீசன் லிஸ்ட் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு ரசிகனாக எனக்குச் சில ஆசைகள் உண்டு. அதில் முதல் ஆசையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சட்டையில் தமிழ்நாடு என்று எழுதினால் மட்டும் போதாது, அந்தச் சட்டைக்குள்ளேயும் தமிழ்நாடு கொஞ்சம் இருக்க வேண்டும்!

*ஒரு குட்டி வரலாறு*

சென்னை பெயரில் ஹாக்கி அணி வருவது இது முதல் தடவை இல்லை. 2005-ல் பிரீமியர் ஹாக்கி லீக் ஆரம்பித்தபோது 'சென்னை வீரன்ஸ்' என்று ஒரு அணி இருந்தது. அந்த லீக் 2008-உடன் முடிந்து போனது. பிறகு 2012-ல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி வந்தது. அதில் 'சென்னை சீட்டாஸ்'. அந்த லீக் ஒரே ஒரு சீசனுடன் மூட்டை கட்டிவிட்டது. 2013 முதல் 2017 வரை ஹாக்கி இந்தியா லீக் 5 சீசன் நடந்தது. அதில் தமிழ்நாட்டுக்கு அணியே இல்லை. அப்புறம் லீக்கே நின்றுபோய், 2024 டிசம்பரில் மறுபடி உயிர் பெற்றபோதுதான் டிராகன்ஸ் வந்தது.

அந்தப் பழைய லீக்குகள் நின்றதற்கு நிர்வாகச் சண்டை, பணம் என்று பல காரணங்கள் உண்டு. அதை விடுங்கள். நான் கேட்பது வேறு. இன்றைக்கு நம்ம கிளாஸில் 'சென்னை வீரன்ஸ்' என்று சொன்னால் எத்தனை பேர் கை தூக்குவீர்கள்? ஒருத்தரும் இல்லை! ஓர் அணி வந்தது தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. டிராகன்ஸுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்பதுதான் என் கவலை.

*லிஸ்ட் எப்படிப் போடுகிறார்கள்?*

2024-25 சீசனுக்கு ஏலம் 2024 அக்டோபரில் டில்லியில் நடந்தது. ஆண்கள் பிரிவில் 8 அணிகள். ஓர் அணிக்கு 24 வீரர்கள். அதில் 16 பேர் இந்தியர்கள், 8 பேர் வெளிநாட்டு வீரர்கள். அந்த 16 இந்தியர்களில் குறைந்தது 4 பேர் ஜூனியர் வீரர்களாக இருக்க வேண்டும். செலவு செய்ய மொத்தம் 4 கோடி ரூபாய். (இந்த '4 ஜூனியர்' என்பதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி தேவைப்படும்.)

நம்ம அணி நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சத்துக்கும், ஒடிசாவின் அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கும் எடுத்தது. கணக்கு சார் கோபிக்க மாட்டார் என்ற தைரியத்தில் ஒரு சின்னக் கணக்கு: இந்த இரண்டு பேருக்கு மட்டும் 1 கோடியே 2 லட்சம். அதாவது பையில் இருந்த பணத்தில் கால்வாசிக்கும் மேலே! மிச்சம் இருக்கிற 22 பேருக்குத் தலைக்குச் சராசரியாக 13½ லட்சம்தான் வரும். அப்படியென்றால் லிஸ்ட் போடுவது என்பது நல்ல வீரனைத் தேடுவது மட்டும் இல்லை. நம்ம அம்மா மாதக் கடைசியில் மளிகைச் சீட்டு எழுதுவது மாதிரி, எதை வாங்க எதை விட வேண்டும் என்ற கணக்கும்கூட.

அந்த வாங்கலைக் குறை சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

*பின்னாடி பலமாக இருக்கட்டும்*

எல்லோரும் கோல் அடிக்கிறவனைத்தான் பார்ப்பார்கள். நான் லிஸ்டைப் பின்னாடியிலிருந்து படிக்கிற ஆள். முதலில் கோல் கீப்பர். 2024-25-ல் நமக்கு அயர்லாந்தின் டேவிட் ஹார்ட் இருந்தார். 2015, 2016 இரண்டு வருஷமும் உலகின் சிறந்த கோல் கீப்பர் விருது வாங்கியவர். கோல் கீப்பர் என்பவர் பந்தைத் தடுக்கிறவர் மட்டும் அல்ல, முன்னாடி நிற்கிற டிஃபென்ஸைச் சத்தம் போட்டே நகர்த்துகிறவர். அனுபவம் உள்ள ஒருத்தர் அங்கே நின்றால் மற்ற 10 பேருக்கும் தைரியம்.

அடுத்தது ரோஹிதாஸ். பெனால்டி கார்னரில் எதிரணி பந்தைத் தள்ளியவுடன் கோல் லைனிலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து ஓடுகிறவரை 'ஃபர்ஸ்ட் ரஷர்' என்பார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலேயும் வரக்கூடிய பந்துக்கு எதிராக, முகமூடியைப் போட்டுக்கொண்டு நேராக ஓட வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை!

இந்த வேலையின் மதிப்பு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தெரிந்தது. கால் இறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிஷத்தில் ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு. மீதி ஆட்டம் முழுக்க இந்தியா 10 பேருடன் ஆடியது. 1-1 என்று முடிந்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம். ஸ்ரீஜேஷ் அன்றைக்குச் சுவர் மாதிரி நின்றார். ஆனால் தடை காரணமாக ரோஹிதாஸ் அரை இறுதியில் ஆட முடியவில்லை. ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். ஜெர்மனியின் முதல் கோல், பெனால்டி கார்னரில் பெய்லட் அடித்தது. ரோஹிதாஸ் இருந்திருந்தால் கண்டிப்பாகத் தடுத்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாதிரி ஆள் ஒருத்தரை மட்டுமே நம்பினால், அவர் இல்லாத அன்றைக்கு என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை.

ஆகவே என் ஆசை: அடுத்த லிஸ்டில் ரஷருக்கு ஒரு மாற்று ரஷர் வேண்டும். அதுவும் இளம் பையனாக இருக்க வேண்டும். பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வான்.

*கார்னர்: ஒருத்தர் பேர், மூணு பேர் வேலை*

யிப் யான்சன் டிராக் ஃப்ளிக்கில் கெட்டிக்காரர். பாரிஸில் தங்கம் வாங்கிய நெதர்லாந்து அணியில் இருந்தவர். அதே லிஸ்டில் ஆஸ்திரேலியாவின் பிளேக் கோவர்ஸ் வேறு. 2018 உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்த இரண்டு பேரில் ஒருவர். இரண்டு பீரங்கி!

ஆனால் பீரங்கிக்குக் குண்டு போட ஆள் வேண்டாமா? கோடு அருகிலிருந்து பந்தைத் தள்ளுகிறவர் ஒருத்தர். 'டி' வட்டத்துக்கு வெளியே அதை அசையாமல் நிறுத்துகிறவர் ஒருத்தர். பந்து ஒரு ஜான் தள்ளிப் போனாலும், நிறுத்தும்போது லேசாகத் துள்ளினாலும், 54 லட்சம் ரூபாய் ஃப்ளிக்கர் சும்மா நிற்க வேண்டியதுதான். இந்த இரண்டு பேரின் பெயர் பேப்பரில் வராது. நம்ம ஸ்கூல் டீமிலும் பாருங்கள், கோல் போட்டவனைத்தான் தோளில் தூக்குவோம். பந்து தள்ளியவன் தண்ணி பாட்டில் தூக்கிக்கொண்டு பின்னாடி வருவான்!

தள்ளுவதும் நிறுத்துவதும் வெறும் பழக்கத்தில் வருகிற வேலைகள். ஒரு நாளைக்கு 200 தடவை, 300 தடவை செய்தால் கை தானாக வரும். இதற்கு வெளிநாட்டிலிருந்து ஆள் தேவையே இல்லை. இந்த இடத்தில் உள்ளூர்ப் பையன்களை வைத்தால் என்ன?

*அரை இறுதியில் என்ன நடந்தது?*

2024-25 சீசனில் டிராகன்ஸ் அரை இறுதி வரை வந்தது. அங்கே பெங்கால் டைகர்ஸிடம் ஷூட் அவுட்டில் தோல்வி. அந்த டைகர்ஸ்தான் பின்னர் கோப்பையையும் தூக்கியது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சூர்மா அணியிடம் தோற்று, நமக்குக் கிடைத்தது 4-வது இடம்.

முதல் சீசனுக்கு 4-வது இடம் மோசம் இல்லை. ஆனால் ஷூட் அவுட் தோல்வி ஒரு பாடம். 23 மீட்டர் கோட்டிலிருந்து ஆரம்பித்து 8 விநாடிக்குள் கீப்பரை ஏமாற்றி கோல் போட வேண்டும். 5 பேருக்கு 5 வாய்ப்பு. அப்போது டிராக் ஃப்ளிக்குக்கு வேலை இல்லை. மட்டையில் பந்து ஒட்டிக்கொண்ட மாதிரி ஓடுகிறவன்தான் ராஜா. லிஸ்ட் போடும்போதே "நம்ம 5 பேர் யார்?" என்று நிர்வாகம் எழுதி வைக்க வேண்டும். கிழிந்த பந்தையும் வளைந்த மட்டையையும் வைத்துக்கொண்டு, குண்டும் குழியுமான தரையில் பந்தை அடக்கி ஆடிப் பழகிய பசங்களுக்கு இந்த வித்தை கொஞ்சம் கூடவே வரும் என்பது என் கருத்து. மறுக்கிறவர்கள் சாயங்காலம் நம்ம கிரவுண்டுக்கு வந்து ஆடிப் பார்க்கலாம்!

*சரி, நம்ம பசங்க எங்கே?*

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா தங்கம் வாங்கியபோது கேப்டன் யார்? நம்ம தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கோயம்புத்தூரின் ஆடம் சின்கிளேர் ஆடினார். அதற்குப் பிறகு? 2008-ல் இந்தியாவே தகுதி பெறவில்லை. 2012 லண்டன், 2016 ரியோ, டோக்கியோ, 2024 பாரிஸ் என்று நான்கு ஒலிம்பிக்கிலும் இந்திய ஆண்கள் ஹாக்கி அணியில் ஒரு தமிழ்நாட்டு வீரர்கூட இல்லை. சுமார் 20 வருஷம்! நானும் நீங்களும் பிறப்பதற்கு முன்னாலிருந்தே வறட்சி.

நடுவில் நல்ல மழை ஒன்று பெய்தது. 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு அரியலூரின் கார்த்தி செல்வமும், நம்ம கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் தேர்வானார்கள். பாகிஸ்தானுக்கு எதிராக 1-1 என்று டிரா ஆன ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோல் கார்த்தி அடித்தது. இரண்டு பேருமே நம்ம ஊர் ஹாக்கி விடுதியில் பயிற்சி பெற்றவர்கள். 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை இந்தியா ஜெயித்தபோதும் கார்த்தி அணியில் இருந்தார். டிராகன்ஸ் அணியும் 2024-25-ல் அவரை எடுத்தது. சந்தோஷம்.

ஆனால் 2025 நவம்பர் - டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 24 நாடுகள் வந்தன. ஜெர்மனி கோப்பை வாங்கியது. ஸ்ரீஜேஷ் பயிற்சியில் நம்ம அணி அர்ஜென்டினாவுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி, கடைசியில் 4-2 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கியது. கை வலிக்கக் கை தட்டினோம். ஆனால் அந்த இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பையன் ஒருத்தர்கூட இல்லை. பந்தல் போட்டது நாம், இலை போட்டது நாம், பந்தியில் மட்டும் நம்ம ஆள் இல்லை!

*"சி.எஸ்.கே.-யில் எத்தனை தமிழ்நாட்டுக்காரன்?"*

இதைச் சொன்னால் என் நண்பன் ஒருவன் (பெயர் வேண்டாம், அவன் தோனி வெறியன்) உடனே இப்படித்தான் கேட்கிறான். "டேய், சி.எஸ்.கே. அஞ்சு கப் அடிச்சுது. அதுல எத்தனை பேரு நம்ம ஊரு? ஜெயிச்சா போதும்டா. யாரு ஆடுனா என்ன?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

கிரிக்கெட்டில் ஒரு பையனுக்குப் பல கதவுகள் திறந்திருக்கின்றன. 2016-லிருந்து டி.என்.பி.எல். இருக்கிறது. ரஞ்சி இருக்கிறது. சென்னையில் லீக் ஆட்டங்கள் இருக்கின்றன. ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவைத் தட்டலாம். ஹாக்கியில் அப்படி இல்லை. விடுதியில் சேர்ந்து, மாநில அணிக்கு ஆடி, அப்புறம் ரயில்வே, வங்கி, போலீஸ் என்று ஏதாவது ஓர் அணியில் வேலை கிடைத்தால்தான் மட்டையைத் தொடர்ந்து பிடிக்கலாம். கிடைக்கவில்லை என்றால் +2 முடிந்ததும் மட்டை பரணில் ஏறிவிடும். வீட்டில் "இதை ஆடினா சோறு போடுமா?" என்று கேட்டால் சொல்ல நம்மிடம் பதில் இல்லை.

2024 ஏலத்தில் ஆகக் குறைந்த அடிப்படை விலையே 2 லட்சம் ரூபாய். தீப்பெட்டி ஆபீஸுக்கும் கடலை மிட்டாய்க் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிற வீடுகள் நிறைந்த ஊர் இது. இங்கே அந்த 2 லட்சம் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். பணத்தைவிடப் பெரியது, அந்தப் பையன் வீட்டில் சொல்லக்கூடிய பதில். "ஆமாம்மா, போடும்."

இன்னொன்று. தமிழ்நாட்டுக்காரன் என்பதற்காகத் திறமை இல்லாதவனை எடுக்கச் சொல்லவில்லை. இந்திய அணிக்கு மாநில ஒதுக்கீடு கேட்டால் அது தப்பு. அங்கே நல்லவர்கள் 18 பேர்தான் போக வேண்டும். ஆனால் மாநிலத்தின் பெயரை வைத்து நம்மிடம் ஆதரவு கேட்கிற கிளப், அந்த மாநிலத்துப் பையனைத் தேடிப் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொல்லட்டும். தேடாமலேயே சொல்லக்கூடாது.

*அடுத்த சீசனுக்கு என் யோசனைகள்*

1. லிஸ்டில் இருக்கிற 4 ஜூனியர் இடங்களில் 2 இடம் தமிழ்நாட்டு வீரர்களுக்கு. (அடிக்கோடு போட்டது இதற்குத்தான்!)

2. எடுத்தால் மட்டும் போதாது, ஆட விட வேண்டும். ஹாக்கியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். ஒரு குவார்ட்டர் 15 நிமிஷம். அதில் 3 நிமிஷம் ஒரு ஜூனியரை இறக்கினால் குடி முழுகிவிடாது. பெஞ்சில் உட்கார்ந்து யாரும் பந்தை நிறுத்தக் கற்றுக்கொண்டது இல்லை.

3. சீசனுக்கு முன்னாடி கோவில்பட்டியில் ஒரு பயிற்சி ஆட்டம். வருஷா வருஷம் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு நாடெங்கும் இருந்து அணிகள் வந்து ஆடுகிற ஊர் இது. கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. கூட்டத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்!

4. வெளிநாட்டு வீரர் ஒருவர் ஒரே ஒரு நாள் விடுதிப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அது பத்து வருஷம் பேசும்.

5. தோழிகளுக்காக ஒரு கோரிக்கை. 2025 ஜனவரியில் பெண்களுக்கான முதல் ஹாக்கி இந்தியா லீக் நடந்தது. மொத்தம் 4 அணிகள். அதில் தமிழ்நாடு அணி இல்லை. நம்ம ஸ்கூல் பெண்கள் டீம் பசங்களைவிட நன்றாகவே ஆடுகிறது. (பசங்க கோபிக்க வேண்டாம், பி.டி. சாரே சொன்னது.) டிராகன்ஸுக்குப் பெண்கள் அணியும் வேண்டும்.

*முடிவாக...*

ஒடிசாவைப் பாருங்கள். சுந்தர்கர் என்ற ஒரே மாவட்டத்திலிருந்து திலீப் திர்க்கி, பிரேந்திர லாக்ரா, அமித் ரோஹிதாஸ் என்று வரிசையாக வந்திருக்கிறார்கள். அங்கே கிராமத்துச் சின்னப் பையனுக்கு "அந்த அண்ணன் மாதிரி ஆகணும்" என்று கை காட்ட ஓர் அண்ணன் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார். நமக்கும் மாரீஸ்வரன் அண்ணன் இருக்கிறார், கார்த்தி அண்ணன் இருக்கிறார். அவர்களுக்கு அடுத்து யார் என்பதுதான் கேள்வி. அந்த அடுத்தவன் இப்போது நம்ம ஸ்கூலில் 7-ம் வகுப்பிலோ 8-ம் வகுப்பிலோ இருக்கலாம். இதை எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டும் இருக்கலாம். தம்பி, மட்டையைக் கீழே போட்டுவிடாதே!

டிராகன்ஸ் ஜெயிக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அந்த அணி கோப்பையோடு நின்றுவிடாமல் இந்த மண்ணில் வேர் விட வேண்டும். வேர் விட்ட மரத்தை வெட்ட வந்தால் ஊரே கேட்கும். தொட்டியில் வைத்த செடியைத் தூக்கிக்கொண்டு போனால் யாருக்கும் தெரியாது.

உங்கள் கருத்து என்ன? எதிர்த்து எழுதினாலும் சரி, அடுத்த இதழுக்கு எழுதித் தமிழ் ஐயாவிடம் கொடுக்கவும்.

வளர்க ஹாக்கி! வெல்க டிராகன்ஸ்!

இப்படிக்கு,
ஒரு ஹாக்கி ரசிகன்,
11-ம் வகுப்பு, 'பி' பிரிவு

*கொசுறு: உங்களுக்குத் தெரியுமா?*

* பெனால்டி கார்னரில் முதலில் ஓங்கி அடிக்கிற அடி, 46 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேலே கோலுக்குள் போனால் செல்லாது. ஆனால் டிராக் ஃப்ளிக் எவ்வளவு உயரத்தில் போனாலும் கோல்தான். டிராக் ஃப்ளிக்கருக்கு ஏன் அவ்வளவு விலை என்று இப்போது புரிகிறதா?
* கார்னரைத் தடுக்க கோல் கீப்பரையும் சேர்த்து 5 பேர்தான் கோல் லைனில் நிற்கலாம். மற்றவர்கள் எல்லாம் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்!
* ஹாக்கி மட்டையின் இடது பக்கம் மட்டும்தான் தட்டை. வளைந்த வலது பக்கத்தால் பந்தைத் தொட்டால் தப்பு. இடது கைக்காரர்களுக்கென்று தனி மட்டை கிடையாது!